கண்ணகி வழக்கும் மெதேயாவின் பழியும்

பழி கொண்ட பெண் யார் என்று நம்மவரைக் கேட்டால் கண்ணகி என்பர்; ஐரோப்பியரைக் கேட்டால் மெதேயா என்பர். முன்னவள் தெய்வமாயினாள், பின்னவள் பேயாயினாள். இருவரும் ஒருகால் கணவனால் கைவிடப்பட்டவர். இருவரும் அயலூரில் துணையின்றி நின்று அரசனை எதிர்த்தவர். இருவர் சினத்தாலும் அரண்மனை அழிந்தது. இத்துணை ஒற்றுமை இருந்தும் ஒருத்திக்குக் கோயிலும் மற்றவளுக்கு வசையும் கிடைப்பானேன்? கற்பின் பெருமை என்று ஒரே சொல்லில் விடை பகர்ந்து புலவர்கள் போய்விடுவர். அவ்விடை நமக்குப் போதாது. ஆங்கில வழியில் பயின்று, கிரேக்கர் கதைகளை முதலிலும் சிலப்பதிகாரத்தைப் பின்னரும் படிக்க நேர்ந்த நம்மனோர், இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருத்தல் அரிது.

மெதேயாவின் கதையை அறியாத வாசகர்க்குச் சுருக்கமாகக் கூறுவோம். கருங்கடலின் கீழ்க்கரையில் கொல்க்கிஸ் என்றொரு நாடு. அங்கிருந்த பொன்மயமான ஆட்டுத்தோலைக் கவர்ந்து செல்ல ஜேசன் என்னும் கிரேக்க இளைஞன் கப்பலேறி வந்தான். அந்நாட்டு அரசன் மகளான மெதேயா அவன்மீது காதல் கொண்டு, பெற்ற தந்தையை ஏய்த்து, மந்திர மருந்துகளால் அவனுயிரைக் காத்து, அவனுடனேயே சென்றாள். கொரிந்து நகரில் குடியேறி இரண்டு ஆண்மக்களைப் பெற்ற பின்னர், ஜேசன் அவ்வூர் அரசன் கிரியோனின் மகளை மணந்து கொண்டான். அரசனோ மெதேயாவையும் அவள் மக்களையும் நாடு கடத்த ஆணையிட்டான். காலில் விழுந்து கெஞ்சி ஒரே ஒரு நாள் தவணை பெற்றாள் அவள். அந்த ஒரு நாளில் நஞ்சு தோய்த்த ஆடையைப் புதுமணப் பெண்ணுக்குப் பரிசாக அனுப்பி, அவளையும், அவளைத் தழுவிக் கதறிய தந்தையையும் மாய்த்தாள். பின்னர்த் தன் மக்கள் இருவரையும் தன் கையாலேயே கொன்றாள். பாட்டனாகிய கதிரவன் அளித்த தேரிலேறி, அச்சிறுவர் உடல்களையும் உடன்கொண்டு பறந்து போனாள்.

இதனை நாடகமாக்கியவர் யூரிப்பிடீஸ். ஏதென்சு நகரில் கி.மு. 431-இல் அரங்கேறிற்று. அவ்வாண்டுப் போட்டியில் இவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்; போட்டியிட்டவர் மூவரே என்பதையும் உடன் கூறிவிடுதல் நலம். மெதேயாவாக நடித்தவனும் ஆடவனே. கிரேக்க அரங்கில் பெண்கள் நடிப்பதில்லை. குழந்தைகளைக் கொன்றவர் கொரிந்து நகரத்தாரே என்றொரு பழங்கதையும் கிரேக்கரிடை வழங்கியதுண்டு. அதனை விடுத்துத் தாயின் கையிலேயே கத்தியைக் கொடுத்தது நம் நாடகாசிரியர் வழி நிலைபெற்ற கதை.

பெண்ணை இழிவு செய்யவே அவர் அங்ஙனம் செய்தார் என்பாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாடகத்தின் முற்பகுதியில் மெதேயா கொரிந்துப் பெண்களை நோக்கிப் பேசும் பேச்சைப் படித்துப் பாருங்கள். பொருள் கொடுத்துக் கணவனை வாங்கி, வாங்கிய பின் அவனையே தன் உடலுக்கு எசமானனாகவும் ஏற்க வேண்டிய நிலையை எடுத்துரைக்கிறாள். மனம் கசந்தால் ஆடவன் வெளியே செல்வான், பெண் எங்கே செல்வாள் என்கிறாள். ஒரு பிள்ளை பெறுவதினும் மும்முறை போர்முனையில் நிற்பது எளிது என்கிறாள். இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஆடவர் நிறைந்த அவையில் ஓர் ஆடவர் எழுதி ஒலிக்கச் செய்த சொற்கள் இவை!

அவள் ஏன் நீதிமன்றம் செல்லவில்லை? செல்ல இயலாது. நாடகம் பார்த்த ஏதென்சு மக்களின் நாட்டில் பெண்ணொருத்தி தானே வழக்காட முடியாது. தந்தையோ, கணவனோ, உடன்பிறந்தானோ அவளுக்காகப் பேச வேண்டும். மெதேயா தந்தையை விட்டு வந்தவள், கணவனோ எதிரி. இன்னும் ஒன்று. கி.மு. 451-இல் பெரிக்கிளீஸ் கொண்டு வந்த சட்டப்படி தாய் தந்தை இருவரும் ஏதென்சுக் குடிகளாயின் மட்டுமே பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. அயல்நாட்டுப் பெண்ணைக் கொண்டவன் அவளைத் தள்ளிவிட்டு உள்ளூர்ப் பெண்ணை மணப்பது அவையிலிருந்தோர்க்கு விளங்காத செய்தியாய் இருந்திராது. ஜேசன் அவளிடம் கூறும் சமாதானத்தைக் கேளுங்கள்: காட்டு நாட்டில் கிடந்த உன்னை நாகரிக நாட்டிற்குக் கொண்டு வந்தேன், சட்டமும் நீதியும் இன்னவென்று இங்கு வந்தன்றோ அறிந்தாய், நன்றி எனக்கே உரியது! இவ்வகைப் பேச்சு நமக்குப் பழக்கமானது. கப்பலேற்றிக் கொண்டுவந்து காடு வெட்டச் சொன்னவர்கள், உங்களை நாங்களே மனிதராக்கினோம் என்று கூறிய காலம் ஒன்று இந்நாட்டிலும் இருந்தது.

கிரேக்கர் கதையில் பழி கொண்ட பெண் இவள் ஒருத்தி மட்டுமல்லள். கிளைட்டெம்னெஸ்ட்ரா என்னும் அரசி, போருக்குச் செல்லக் காற்று வேண்டித் தன் மகளைப் பலியிட்ட கணவன் அகமெம்னனைப் பத்தாண்டு காத்திருந்து வெட்டி வீழ்த்தினாள். ஏஸ்கிலஸ் இதனைக் கி.மு. 458-இல் மூன்று நாடகங்களாகப் பாடினார். தந்தைக்காகத் தாயைக் கொன்ற மகனை, குருதிப் பழி தீர்க்கும் பெண் தெய்வங்கள் துரத்துகின்றன. ஏதென்சில் வழக்கு நடக்கிறது. தாய் பிள்ளைக்கு உறவினளே அல்லள், தந்தையின் வித்தைச் சுமந்தவள் மட்டுமே என்று தேவன் ஒருவன் வாதிக்கிறான். வாக்குகள் சமமாக விழுந்து மகன் விடுதலையாகிறான். கொலையுண்ட தாயின் பக்கம் நின்ற தெய்வங்கள் நாட்டைப் பாழாக்குவோம் என்று சீற, அவர்களுக்கு நகரிலேயே உறைவிடமும் பூசையும் தந்து ஆற்றுகின்றனர். சினந்த பெண்ணுக்கு நீதி வழங்குவதினும் கோயில் வழங்குவது எளிது போலும்! இதனை வாசகர் நினைவில் வைத்துக் கொள்க.

உரோமரைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. நீரோ மன்னனின் ஆசிரியரும், அவன் ஆணையாலேயே கி.பி. 65-இல் உயிர் துறந்தவருமான செனேக்கா ஒரு மெதேயா நாடகம் எழுதினார். அதில் அவள் ஒரு பிள்ளையை முன்னர்க் கொன்று, மற்றதைக் கூரைமீது நின்று கணவன் கண்ணெதிரே கொல்கிறாள். குருதி மிகுந்தது, வழக்குக் குறைந்தது. பிற்கால ஐரோப்பா கண்ட பேய்மகள் பெரிதும் இவளே.

இனிக் கண்ணகிக்கு வருவோம். அவள் கதையில் நாம் முதன்மையாகக் கொள்வது மார்பைத் திருகி எறிந்ததையன்று, சிலம்பை உடைத்ததை. பொற்கொல்லன் ஒருவன் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடிவிட்டுப் பழியைக் கோவலன்மேல் போட்டான். பாண்டியன் நெடுஞ்செழியன் ஊடல் கொண்ட தேவியின் அறைக்கு விரைந்த நேரத்தில், விசாரணை என்பது ஒரு சொல்லேனும் இன்றி, கள்வன் கையில் சிலம்பு இருப்பின் கொன்று அதைக் கொணர்க என்றான். அடுத்து நடந்ததற்கு இளங்கோவடிகள் இட்ட பெயர் வழக்குரை காதை. கதறிய காதை என்றோ, சபித்த காதை என்றோ அவர் பெயரிடவில்லை. கண்ணகி வாயிலோன் வழியே அனுமதி பெற்று உள்ளே செல்கிறாள். ஊரும் பேரும் கூறுகிறாள். புறாவுக்குத் தன் உடலை அறுத்தளித்தவனும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட சோழ நாட்டினள் என்று சொல்லி, நீதி என்றால் இன்னதென்று தன்னை அறிமுகம் செய்யும்போதே எடுத்துக்காட்டி விடுகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோலன்று என்கிறான் அரசன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடையதன் பரல் முத்து என்கிறான் அவன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. கள்வன் நானே என்று ஒப்புக்கொண்டு அரசன் வீழ்கிறான்.

எதிர்வாதியின் வாயாலேயே தம் பொருளின் அடையாளத்தைச் சொல்லச் செய்து, பின்னர்ச் சான்றைப் பலரறிய உடைத்துக் காட்டிய இவ்வழக்கறிஞரின் திறம் எந்தக் கல்லூரியில் கற்றது? சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்டு, 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் வைக்கப்பட்ட சிலையும் கையில் சிலம்போடு வழக்குரைக்கும் கோலத்ததே. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதத்தில் கண்ணகி கோயில்களில் பாடப்பெறும் நூலுக்கும் கண்ணகி வழக்குரை என்றே பெயர். கற்பரசி, பத்தினித் தெய்வம் என்று கற்றோர் எத்துணை பாடினும், சிற்பியும் கோயிற் பாட்டும் அவளை வழக்காளியாகவே நினைவில் வைத்திருக்கக் காண்கிறோம்.

எனினும் நமக்கு ஒரு குறை உண்டு. அதனை மறைக்க மாட்டோம். கண்ணகி நடத்தியது கணவனுக்கான வழக்கு. அவளுடைய சொந்த வழக்கு எங்கே? புகாரில் கோவலன் மாதவியே கதி என்று கிடந்து குடும்பச் செல்வத்தை எல்லாம் அழித்த காலத்தில் அவள் யாரிடத்தும் முறையிடவில்லை. திரும்பி வந்து வறுமை கூறிய கணவனுக்குச் சிலம்பு இருக்கிறது என்றாள், அவ்வளவே. பொருள் போயிற்று என்று அவன் நாணியதைக் காப்பியம் சொல்கிறது. இவள் இளமை போயிற்று என்று நாணியதாக நாம் காணவில்லை. மெதேயா தன் வழக்கைத் தானே பேசினாள், பேயானாள். கண்ணகி கணவன் வழக்கைப் பேசினாள், தெய்வமானாள். கோயிலுக்கும் வசைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் கிடக்கிறது என்பது நம் துணிபு.

இதற்குச் சங்க நூலிலும் சான்றுண்டு. புறநானூற்றில் இன்னொரு கண்ணகி இருக்கிறாள். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பேகனின் மனைவி அவள். மயிலின் குளிருக்கு இரங்கிய அவ்வள்ளல், மனைவியை விட்டு வேறொருத்தியிடம் சென்றுவிட்டான். கபிலர், பரணர் உள்ளிட்ட புலவர்கள் அவனிடம் சென்று, எமக்குப் பரிசில் வேண்டா, அவள் துயர் தீர்ப்பதே பரிசில் என்று பாடினர். புலவர் பெருமக்கள் செய்தது போற்றத்தக்கதே. ஆயினும் அப்பாடல்களில் கண்ணகி அழுகிறாளேயன்றி வழக்காடவில்லை. நற்றிணையில் ஒரு மார்பை அறுத்த திருமாவுண்ணி என்பாளின் குறிப்பு ஒன்று வருகிறது. அவளது வழக்கு யாதென்று அப்பாட்டு விரித்துரைக்கவில்லை. நல்லதங்காளோ ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் குதித்தாள். செயலளவில் நம் நாட்டு மெதேயா அவளே. அவளைத் தள்ளியது பழியன்று, பசியும் அண்ணியின் கொடுமையும். பிள்ளைகளோடு தானும் மாய்ந்ததனால் அவளுக்கும் நம்மவர் கோயில் எடுத்தனர். மாயாமல் தேரேறிப் போயிருந்தால் என்ன பெயர் சூட்டியிருப்பர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

மதுரை எரிந்த பகுதி நம் நெஞ்சை உறுத்துவது. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவி ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே செல்க என்று நெருப்புக் கடவுளுக்கு ஆணையாம். அக்கடவுளும் பார்ப்பனக் கோலத்தில் வந்தானாம். விலக்கப்பட்டோர் வரிசையில் தலையிடம் யாருக்கு என்பதை வாசகரே கண்டு கொள்க. இதனினும் கொடிது பின்னர் வருகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான், மழை பெய்தது, நாடு செழித்தது என்று நூல் மகிழ்ந்துரைக்கிறது. திருடியவன் ஒருவன். கொலைக்கு ஆணையிட்டவன் அரசன். பலியானவர் ஆயிரவர், அவர் செய்த குற்றம் திருடனின் தொழிலில் பிறந்தது! கண்ணகி இதைக் கேட்கவில்லை. பரல் ஒன்றைச் சான்றாகக் காட்டிக் குற்றமுள்ளவனையும் இல்லாதவனையும் பிரித்தவள் அவள். அவள் பெயரால் அப்பிரிவையே அழித்தது அரசு.

ஒருவன் குற்றத்திற்கு ஊரையே பிடிக்கும் வழக்கம் பழங்கதையோடு போகவில்லை. சுங்கை சிப்புட்டில் 1948 சூன் 16-ஆம் நாள் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்தவனைப் பிடிக்க இயலாத ஆட்சி, காட்டோரத்தில் பயிர் செய்து பிழைத்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களை, பெரும்பாலும் சீனரை, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குள் பெயர்த்து வைத்தது. கொற்கைப் பாண்டியன் காரணம் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பான்: நாட்டில் அமைதி வேண்டும்.

கண்ணகியைக் கோயிலில் வைத்ததும் ஒருவகை அமைதி தேடலே. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கொணர்ந்தான். இலங்கை மன்னன் கயவாகு விழாவுக்கு வந்தான் என்கிறது காப்பியம். சிங்களவர் நூலான மகாவம்சம் அவ்வருகையைக் குறிப்பிடவில்லை. ஆனால் பத்தினி வழிபாடு இலங்கையில் வேரூன்றியது மெய். கண்டிப் பெரகராவில் இன்றும் பத்தினி தேவாலயத்துக்கு இடமுண்டு. சிங்களவர் கதையில் அவள் மாங்கனியில் பிறந்தவள், பாண்டியன் முக்கண்ணன். மட்டக்களப்புத் தமிழர் விழாவின் முடிவில் நிகழ்வது குளிர்த்தி. அம்மனின் வெப்பத்தைத் தணிப்பது. தேக்கடி அருகே மங்கலதேவி மலையிலுள்ள கோயிலுக்கு மக்கள் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே செல்கின்றனர். ஏதென்சார் தம் சினத் தெய்வங்களுக்குச் செய்ததைத் தானே நம்மவரும் செய்தனர்? குளிர வைத்தனர், கும்பிட்டனர், கேட்ட கேள்வியை மட்டும் மறந்தனர்.

கேள்வி நம் தோட்டத்திலும் நகரத்திலும் இன்றும் இருக்கிறது. இந்நாட்டில் முசுலிம் அல்லாதாருக்குரிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நம்மவருள் ஒருவன் இரண்டு மூன்று மனைவியரைக் கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. எத்தனையோ மெதேயாக்கள் இரப்பர்த் தோட்டத்து லயன்களில் வாய் திறவாமல் மடிந்திருப்பர். சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்று விதித்து, மனைவி தானே வழக்கிட வழி செய்தது, பதிவையும் கட்டாயமாக்கியது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. ஏதென்சில் இல்லாத வாயில் இங்கே திறந்திருக்கிறது.

ஆயின் வாயிலில் கேட்கப்படுவது சான்று. கிராணி வேலையில் இருக்கும் நமக்குத் தெரிந்த செய்தி இது. பேர்ப் புத்தகத்தில் ஒருத்தியின் பெயருக்கு நேரே கணவன் பெயர் எழுதியிருக்கும், தோட்டத்துக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருப்பான், படமும் எடுத்திருப்பார்கள். அவன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்த பின்னர், ஜீவனாம்சத்துக்கோ சேமநிதிப் பணத்துக்கோ அவள் எழுதிக் கேட்க வரும்போது, பதிவுத்தாள் எங்கே அம்மா என்றால் விழிப்பாள். பெரியவர்கள் அதெல்லாம் எதற்கு என்றார்களாம். ஐயர் மந்திரம் ஓதினாராம். மந்திரத்தை எந்த மேசையில் வைத்துக் காட்டுவது? கண்ணகியிடமாவது ஒரு சிலம்பு மிஞ்சியிருந்தது. திருமணத்துக்கு வாழைமரம் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஓடியாடும் பெற்றோர், பதிவு அலுவலகத்துக்கு ஒரு முற்பகல் சென்று வரச் சோம்புவதை என்னென்பது!

அப்பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் அடுத்துச் சொல்வது தலையெழுத்து என்பது. காப்பியமும் இச்சொல்லையே சொல்லி முடிக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, இஃது ஊழ்வினை, பாண்டியன்மேல் குறையில்லை என்று பழம்பிறப்புக் கதை ஒன்றைக் கூறுகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாய் இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்தானாம். அவ்வினையே இப்போது விளைந்ததாம். அரசனை விடுவிக்கச் சொன்ன இக்கதைக்குள் அடிகள் ஒரு பெண்ணை வைத்துவிட்டார். சங்கமனின் மனைவி நீலி. அவளிடம் சிலம்பு இல்லை; அவளை அவைக்குள் விட வாயிலோனும் இல்லை. மன்றிலும் மறுகிலும் அலைந்து, அரசரைக் கேட்டாள், இது முறையா என்று. ஊராரைக் கேட்டாள். சேரியாரைக் கேட்டாள். பதினான்கு நாள் கேட்டாள். விடை கூறியவர் எவரும் இருந்ததாக நூலில் இல்லை. பதினான்காம் நாள் கழிந்த பின்னர், எமக்கு இத்துன்பம் செய்தோர் இதனையே அடைக என்று கூறி, மலையேறி வீழ்ந்து இறந்தாள்.